கட்டியம் சொல்ல ஒருவர் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, "நீ என்னடா எழுதப் போற? சுற்றுச்சூழலா, வரதட்சணையா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். இரண்டும் எழுத வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஓர் ஆட்டத்தைப் பற்றி. "ஆட்டம்தானே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஆட்டத்தால் ஒரு நல்ல நட்பு உடையப் பார்த்தது. அதை ஒட்டவைத்தது எது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஹாஸ்டலில் சனிக்கிழமை இரவு ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சீட்டாட்டம் என்று வார்டனிடம் போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு! அது சீட்டாட்டம் அல்ல நண்பர்களே. பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துகிற ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் சிற்பி, ஒருவன் மீனவன், ஒருவன் வைத்தியன், ஒருவன் ஒற்றன். ஒரே ஒருவர் மட்டும் எந்தப் பாத்திரமும் எடுக்காமல் கதையை நடத்துவார். "நீங்க சாளுவன்குப்பம் கடற்கரையில நிக்கறீங்க. கடல் உள்வாங்கியிருக்கு. தூரத்துல ஒரு கோபுரத்தோட தலை தெரியுது. என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். ஒருவன் "நான் நீந்திப் போறேன்" என்பான். இன்னொருவன் "நான் கட்டுமரம் தேடறேன்" என்பான். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். இப்படி ஒரே கதை மாதக்கணக்கில் போகும்.

இந்த ஆட்டத்துக்கு 20 முகம் உள்ள பகடை வேண்டும். நாங்கள் அதற்குக் காசு செலவழிக்கவில்லை. 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஜாமெட்ரி பாக்சில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறோம். எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு மாறாமல் நிற்கும். கணக்குப் பாடம் எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள்!

இந்த வகை ஆட்டத்தில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அதிலிருந்து எங்களுக்கு வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். கதையை நடத்துகிறவருக்கு இங்கிலீஷில் 'கேம் மாஸ்டர்' என்று பெயர். நாங்கள் 'கட்டியக்காரன்' என்கிறோம். ஏன் அந்தப் பெயர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணனும் அவர் நோட்டும்

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது எங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவர் சிவில் பிரிவு சீனியர் அண்ணன் ஒருவர். டவுனில் இங்கிலீஷ் மீடியம் படித்து வந்தவர். மாமல்லபுரத்துக் கடலுக்குள் கோயில்கள் மூழ்கிக் கிடப்பதாகச் சொல்வார்களே, அதைத்தான் கதையாக எடுத்தார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடல் உள்வாங்கி உள்ளேயிருந்த பாறைகள் தெரிந்தன என்று நம் பக்கத்து மீனவர்கள் சொல்வதையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவர் நடத்துகிற அழகே தனி! கரண்ட் போனால்கூட எழுந்திருக்க மாட்டோம்.

கதைக்கான வரைபடம், பாத்திரங்கள், ரகசியங்கள் எல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் இருந்தன. அந்த நோட்டை யாரும் தொடக்கூடாது. அதுவும் முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். ஜெராக்ஸ் எடுத்த விதிகளையே அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவன். அதனால் ஆடுவதோடு சரி, நடத்துவதெல்லாம் நமக்கு வராது என்றே இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இங்கிலீஷ் புத்தகம் என்றாலே அதை இன்னொருவர் படித்து நமக்குச் சொல்ல வேண்டும் என்று பழகிய மனசு அது.

வெள்ளிக்கிழமை இரவெல்லாம் அண்ணன் இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுநாள் கதையை எழுதுவார். நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். நவம்பர் தேர்வில் அவருக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. வீட்டில் திட்டு. ஜனவரியிலிருந்து ஆட்டம் நின்றது. "நாங்க நடத்தறோம்ணா, நோட்ட மட்டும் குடுங்க" என்று கேட்டோம். "நான் வந்து பாத்துக்கறேன்டா. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார். ஒருவன் கோபத்தில் "கதை என்ன உங்க சொத்தா?" என்று கேட்டுவிட்டான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரே மெஸ்ஸில் வேறு வேறு பெஞ்சில் சாப்பிட்டோம்.

தப்பு யார் மேல்? அன்று கேட்டிருந்தால் அவர் மேல்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் முழுக்க ஒருவர் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமைகூட "நான் எதாவது எழுதித் தரட்டுமாண்ணா?" என்று கேட்காத நாங்களும் அதில் கூட்டு.

ஊரில் பார்த்த பாடம்

மே மாத லீவில் ஊருக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கள் கிராமம். அந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து ஆயா மடியில் தூங்கியபடியே பார்த்த கூத்துதான். ஆனால் இந்த முறை என் மனசில் ஆட்டப் பிரச்சினை இருந்ததால் வேறு மாதிரி பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! பாரதம் எவ்வளவு பெரிய கதை! நாள்கணக்கில் தொடர்ந்து நடக்கிறது. அதை யார் நடத்துகிறார்? ஒருவரா? பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார். ராத்திரி அதே கதையைக் கூத்து ஜமா எடுத்துக்கொள்கிறது. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதை, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒன்று. ஜமாவை வாத்தியார் கட்டி மேய்க்கிறார். யாருக்கு எந்த வேஷம், எந்தப் பாட்டு எங்கே என்பது அவர் பொறுப்பு. மேடையில் கட்டியக்காரன் நிற்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து வருகிற ராஜாவை "நீர் யார், எந்த நாடு?" என்று விசாரிப்பவன் அவன்தான். அவனே காவல்காரன், அவனே தூதன். கதைக்குத் தேவைப்படுகிற சில்லறைப் பாத்திரம் எல்லாம் அவன்தான். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் எறியும்போது முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களும், கடைசி நாள் துரியோதனன் படுகளத்துக்கு மண்ணைக் குழைத்து உருவம் செய்கிற ஊர்க்காரர்களும் கதையை நடத்துகிறவர்கள்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார்? பிரசங்கியார் வேலை, வாத்தியார் வேலை, கட்டியக்காரன் வேலை மூன்றையும் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தார். கதையை அறிந்து வைத்திருப்பது ஒரு வேலை. ஆட்களைக் கூட்டி, விதியைப் பார்த்து, ஒழுங்காக நடத்துவது இன்னொரு வேலை. வழியில் வருகிற மற்றப் பாத்திரங்களுக்கெல்லாம் குரல் கொடுப்பது மூன்றாவது வேலை. இவை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் ஊர் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துத்தான் செய்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவுக்குத் தெரிந்த விஷயம், டிப்ளமோ படிக்கிற எனக்குத் தெரியாமல் போயிற்று!

"கூத்து வேற, இந்த ஆட்டம் வேற" என்று ஒருவர் சொல்லலாம். சரி, அந்த ஆட்டம் பிறந்த ஊருக்கே போவோம். கைகாக்ஸ் தன் ஊரில் 'கிரேஹாக்' என்ற கற்பனை நகரத்தில் கதையை நடத்தி வந்தார். ஆட்டக்காரர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தனியாகச் சமாளிக்க முடியாமல், ஆட்டக்காரராக வந்த ராப் குன்ட்ஸ் என்ற இளைஞரைத் தனக்குச் சமமாக இன்னொரு நடத்துநராக வைத்துக்கொண்டார். குன்ட்ஸுக்கு அப்போது ஏறக்குறைய நம் வயதுதான். அவர் நடத்தும்போது கைகாக்ஸ் ஒரு பாத்திரம் எடுத்து ஆடினார். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே ஆட்டக்காரராக உட்கார்ந்தார் என்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? பின்னால் 1987-இல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' என்ற ஆட்டம், நடத்தும் பொறுப்பை ஆட்டக்காரர்களே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு முறையாகவே சொன்னது. கூத்து ஜமா போல, அதற்கு அவர்கள் வைத்த பெயரும் நாடகக் குழு என்று பொருள்படுவதுதான்.

செத்தவன் டீ குடித்த கதை

ஜூலையில் காலேஜ் திறந்ததும் நான்தான் போய் அண்ணனிடம் பேசினேன். கூத்தைப் பற்றிச் சொன்னேன். நோட்டைக் கேட்கவில்லை. "நீங்க ஒரு வாரம் ஆடுங்கண்ணா, நாங்க நடத்தறோம்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு வருஷமா நான் ஒரு தடவைகூட ஆடலடா. எனக்கும் ஆடணும்னு ஆசைதான். எவனும் கேக்கல" என்றார். நோட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பொறுப்பைப் பகிர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். முதல் மாதம் ஒரே குளறுபடி! நான் நடத்திய வாரம் கதையில் வருகிற மீனவர் தலைவர் புயலில் செத்துப் போனார். அடுத்த வாரம் நடத்தியவன் அன்று ஊருக்குப் போயிருந்தவன். அவனுக்கு விஷயம் தெரியாது. அவன் கதையில் அதே தலைவர் பந்தர் போட்ட கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். "செத்தவன் எப்படிடா டீ குடிப்பான்?" என்று பெரிய சண்டை. பல்லவர் காலத்தில் டீ ஏது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்!

பகிர்வதை எதிர்ப்பவர்கள் சொல்கிற முதல் காரணம் இதுதான். பல கை பட்டால் கதை சிதறும் என்கிறார்கள். நியாயமான பயம். இதற்கு எங்களுக்கு வழி காட்டியது மாமல்லபுரத்துப் பாறை. அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறவர் அர்ச்சுனன் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அறிஞர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் பாறையில் யானை இருக்கிறதா இல்லையா என்று யாரும் சண்டை போடுவதில்லை. வெட்டியது வெட்டியதுதான். அதற்கு என்ன பொருள் என்பதில்தான் இடம் இருக்கிறது.

அதனால் பொது நோட்டு ஒன்று போட்டு, நடுவில் கோடு கிழித்தோம். இடப்பக்கம் 'வெட்டியது', வலப்பக்கம் 'வெட்டாதது'. ஆட்டத்தில் எல்லோர் முன்னும் நடந்துவிட்டது எதுவோ அது இடப்பக்கம். அதை யாரும் மாற்ற முடியாது. புயலை யார் ஏவினார், கோயிலுக்குள் என்ன இருக்கிறது என்பது போல இன்னும் வெளிவராதது வலப்பக்கம். அடுத்து வருகிறவர் அதை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அதன் பிறகு செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை.

இரண்டாவது காரணம், ரகசியம் போய்விடும் என்பது. உண்மைதான், கொஞ்சம் போகும். ஆனால் பாரதத்தில் கர்ணன் சாவான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து அழவில்லையா? மூன்றாவது காரணம், திறமை உள்ளவர் நடத்தினால்தான் நன்றாக இருக்கும் என்பது. இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அண்ணன் பிறக்கும்போதே திறமையோடு பிறந்தாரா? 40 வாரம் நடத்தி நடத்தித்தானே வந்தது! நமக்கு ஒரு வாரம்கூடத் தராமல் "உனக்கு வராது" என்றால் எப்படி வரும்? லேத்தைத் தொடாமல் டர்னிங் கற்றவன் உண்டா?

நான் முதலில் நடத்திய இரவு வாய் உலர்ந்துவிட்டது. விதி ஒன்று மறந்துபோய், பக்கத்திலிருந்தவன் ஜெராக்ஸைப் பார்த்துச் சொன்னான். இங்கிலீஷில் சொல்லத் தெரியாததால் எனக்குத் தெரிந்த மாதிரி, கூத்துக் கட்டியக்காரன் மாதிரியே, நம் பேச்சுத் தமிழில் ஆரம்பித்தேன். கடலோரம் ஒரு தபசு மரத்தை நட்டு வைத்து, மேலே ஏறினால்தான் மூழ்கிய கோயில் தெரியும் என்று வைத்தேன். அண்ணனின் பாத்திரம் மூன்று முறை வழுக்கி விழுந்தது. அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 'கட்டியக்காரன்' என்ற பெயர் அன்றுதான் வந்தது.

யார் நடத்துகிறாரோ, அவர் நேரம்

இன்னொன்று நாங்கள் எதிர்பாராதது. நம் தோழியர் பலர் டே ஸ்காலர். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். ஹாஸ்டலில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற ஆட்டத்துக்கு அவர்கள் எப்படி வர முடியும்? "அவங்களுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். ட்ரிபிள் ஈ பிரிவுத் தோழி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, "நான் நடத்தினா புதன்கிழமை மதியம் நடத்துவேன், வருவீங்களா?" என்று கேட்டார். ஒர்க்‌ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில், டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு, 40 நிமிடத்தில் ஒரு அத்தியாயம். இப்போது அங்கே மூன்று தோழியர் ஆடுகிறார்கள். ஆட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் நடத்துகிறவர்தான் தீர்மானிக்கிறார். அந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கும்வரை, அவருக்கு வசதிப்படாதவர்கள் எல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கூத்திலும் வெகுகாலம் பெண் வேஷத்தைக்கூட ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் சிறுவர்களோடு சிறுமிகளும் கூத்துப் பயின்றார்கள். கூத்து கெட்டுவிட்டதா? இல்லையே!

எங்கள் முறை

உங்களில் யாராவது இந்த ஆட்டத்தைத் தொடங்கினால் பயன்படட்டும் என்று எங்கள் முறையைச் சொல்கிறேன்.

ஒரு இரவுக்கு ஒரே கட்டியக்காரன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடத்தினால் குழப்பம்தான். பார்த்துவிட்டோம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நன்றாக நடத்துகிறார் என்பதற்காக நீட்டிக்கக் கூடாது.

நடத்தியவர் அன்று ராத்திரியே அரைப் பக்கம் எழுத வேண்டும். தமிழிலோ இங்கிலீஷிலோ, அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி.

கட்டியக்காரன் சொன்ன தீர்ப்பு அன்றைக்கு இறுதி. தப்பு என்றால் மறுநாள் பேசலாம்.

முதல்முறை நடத்துகிறவர் பக்கத்தில் பழையவர் ஒருவர் உட்கார வேண்டும். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது! இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்கிறார் அண்ணன். அரியர் பேப்பரை ஏப்ரலில் கிளியர் செய்துவிட்டார் என்பதையும் சந்தோஷத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதும்போது என் வீடு நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் பேங்க் சலான், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எந்த ஃபாரமாக இருந்தாலும் நிரப்பித் தருபவன் நான்தான். "தம்பி வரட்டும்" என்று சனி ஞாயிறுக்குக் காத்திருப்பார்கள். எனக்கு அதில் பெருமை. பத்தாவது படிக்கிற என் தங்கை, "நான் எழுதறேன்ணா" என்று இரண்டு முறை கேட்டாள். "நீ தப்புத் தப்பா எழுதுவ" என்று பேனாவைத் தரவில்லை. அண்ணன் மேல் கோபப்பட்ட நான் என் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்?

போன மாதம் பேனாவைக் கொடுத்தேன். முதல் ஃபாரத்தில் இரண்டு தப்பு. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. இப்போது யாரும் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை.

முதலில் கற்றுக்கொண்டவன் என்ற பெருமை பெரிதுதான் தோழர்களே. ஆனால் அவனோடு அது நின்றுபோனால் அந்தப் பெருமையால் யாருக்கு லாபம்? ஆட்டமோ, லேபோ, நம் மாணவர் மன்றமோ, நோட்டு ஒருவர் கையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாங்குகிறவர் கேட்கப் பழகட்டும். வைத்திருப்பவர் கொடுக்கப் பழகட்டும்.

புதன்கிழமை மதியம், வேப்பமரத்தடி. இடம் இருக்கிறது. வருவீர்களா?



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை